தூதரகத்துக்குள் இருந்து ஒரு தேர்தல்: அசாஞ்சே அனுபவம் தரும் பாடம்

(கட்சி ஊழியர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2013 செப்டம்பர் 7 அன்று ஆஸ்திரேலியாவில் பொதுத்தேர்தல் நடைபெற்றது. விக்டோரியா மாநிலத்தில் செனட் சபைக்குப் போட்டியிட்ட ஒருவர் வாக்கு கேட்டு ஒரு தெருவிலும் நடக்கவில்லை. லண்டனில் உள்ள ஈக்வடார் தூதரகத்தில் அவர் ஓராண்டுக்கும் மேலாக முடங்கியிருந்தார். வாசலில் பிரிட்டிஷ் போலீஸ் இரவு பகலாகக் காவல் நின்றது. ஜூலியன் அசாஞ்சே என்ற அந்த வேட்பாளர் தோற்றார். ஆனால் அந்தத் தோல்விக்கு அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் வன்மம் மட்டுமே காரணமன்று. அவரது கட்சிக்குள்ளேயே அதற்கான காரணம் இருந்தது. இடதுசாரி ஊழியர் ஒவ்வொருவரும் அதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் அவர் வேட்டையாடப்பட்டதன் பின்னணியைப் பார்க்க வேண்டும். 2006இல் தொடங்கப்பட்ட விக்கிலீக்ஸ், 2010 ஏப்ரலில் ஒரு காணொலியை வெளியிட்டது. 2007 ஜூலை 12 அன்று பாக்தாத் வீதியில் அமெரிக்க ஹெலிகாப்டர் சுட்டதில், ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் ஊழியர் இருவர் உள்ளிட்டோர் மாண்டதை உலகம் கண்டது. தொடர்ந்து ஆப்கன் போர்ப் பதிவுகளும், இராக் போர் குறித்த 3,91,832 அறிக்கைகளும் வந்தன. நவம்பரிலிருந்து 2,51,287 தூதரகத் தந்திகள் வெளிவரத் தொடங்கின. இவற்றை வழங்கிய இராணுவ ஊழியர் செல்சியா மேனிங்குக்கு 2013 ஆகஸ்டில் 35 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குற்றங்களைச் செய்தவர்களையும் செய்யச் சொன்னவர்களையும் எந்தச் சட்டமும் இவ்வாறு துரத்தவில்லை.

இந்தத் தந்திகள் இந்தியாவையும் தொட்டன. அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிக் கட்சிகள் 2008 ஜூலையில் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கிக்கொண்டன. அதையடுத்த நம்பிக்கை வாக்கெடுப்புக்கு முன்பாக, அமெரிக்கத் தூதரக ஊழியர் ஒருவரிடம் பணப்பெட்டிகள் காட்டப்பட்டதாக 2011 மார்ச்சில் ‘தி இந்து’ வெளியிட்ட தந்தி ஒன்று கூறியது. சம்பந்தப்பட்டவர்கள் அதை மறுத்தனர். நாடாளுமன்றம் கொந்தளித்தது. எனினும் உடன்பாடு அப்படியே இருந்தது, அரசும் நீடித்தது. அம்பலப்படுத்துவது அவசியம். ஆனால் அம்பலமான உண்மையைக் கையிலெடுத்துப் போராடும் அமைப்பு இல்லாவிட்டால் அது சில நாள் பரபரப்போடு முடிந்துவிடும்.

2010 ஆகஸ்டில் ஸ்வீடனில் இரண்டு பெண்கள் அசாஞ்சே மீது பாலியல் புகார் அளித்தனர். விசாரணைக்காக அவரை ஒப்படைக்கும்படி ஸ்வீடன் கோரியது. அங்கிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்படலாம் என்று அஞ்சிய அவர், பிரிட்டிஷ் நீதிமன்றங்களில் தோற்றபின் 2012 ஜூன் 19 அன்று ஈக்வடார் தூதரகத்தில் நுழைந்தார். ஆகஸ்ட் 16 அன்று ரஃபேல் கொரியாவின் அரசு அவருக்கு அரசியல் தஞ்சம் அளித்தது. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கைப்படி தூதரக வளாகம் மீறப்படக் கூடாதது. ஆயினும் 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி உள்ளே நுழைய முடியும் என்று பிரிட்டன் மிரட்டியது. சிறிய நாடான ஈக்வடார் பணியவில்லை.

இவ்விடத்தில் தெளிவு வேண்டும். அந்தப் பெண்களின் புகார் முறையாக விசாரிக்கப்பட்டிருக்க வேண்டும். ஏகாதிபத்தியத்தை எதிர்ப்பவர் என்பதால் எந்த ஆணுக்கும் விசாரணையிலிருந்து விலக்கு கிடையாது. அதேவேளையில், தூதரகத்துக்கே வந்து விசாரிக்கலாம் என்று ஈக்வடார் அழைத்தும், 2016 நவம்பர் வரை அது நடக்கவில்லை. 2019இல் வழக்கு கைவிடப்பட்டது. அந்தப் பெண்களுக்கும் நீதி கிட்டவில்லை; அவருக்கும் தெளிவு கிட்டவில்லை.

இந்தச் சூழலில்தான் விக்கிலீக்ஸ் கட்சி 2013இல் பதிவு பெற்று மூன்று மாநிலங்களில் ஏழு வேட்பாளர்களை நிறுத்தியது. வென்றாலும் அசாஞ்சே எப்படி அவைக்கு வருவார் என்று கேட்கப்பட்டது. ஆஸ்திரேலிய அரசமைப்பின்படி, அனுமதியின்றி இரண்டு மாதம் தொடர்ந்து அவைக்கு வராத செனட்டர் பதவியிழப்பார். காலியாகும் இடத்துக்கு அதே கட்சியைச் சேர்ந்தவரே நியமிக்கப்படுவார். எனவே பட்டியலில் இரண்டாவதாக இருந்த லெஸ்லி கன்னோல்ட் முக்கியமானவரானார்.

அன்றைய செனட் தேர்தல் முறையையும் அறிந்தாக வேண்டும். நமது மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் விருப்ப வரிசையிட்டு வாக்களிப்பதைப் போல அங்கு மக்களே வாக்களிக்கின்றனர். ஆனால் 110 வேட்பாளர்கள் இருந்த நியூ சவுத் வேல்ஸ் போன்ற மாநிலத்தில் எல்லோருக்கும் எண்ணிட யாருக்குப் பொறுமை இருக்கும்? ஒரு கட்சிக்கு நேரே 1 என்று இட்டால் போதும். மீதி வரிசையைக் கட்சி முன்கூட்டியே பதிவு செய்திருக்கும். ஆகவே அந்த வரிசைதான் ஒரு கட்சியின் உண்மையான அரசியல் நிலைபாடு.

விக்கிலீக்ஸ் கட்சி பதிவு செய்த வரிசை வெளியானபோது ஆதரவாளர்கள் அதிர்ந்தனர். நியூ சவுத் வேல்ஸில் குடியேறிகளை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சியான ‘ஆஸ்திரேலியா ஃபர்ஸ்ட்’, பசுமைக் கட்சிக்கு மேலே வைக்கப்பட்டிருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத்துக்குள் அசாஞ்சேவுக்காக ஓயாமல் குரல் கொடுத்த பசுமைக் கட்சியின் ஸ்காட் லட்லமுக்கு மேலே நேஷனல் கட்சி வைக்கப்பட்டிருந்தது. ‘நிர்வாகப் பிழை’ என்று விளக்கம் தரப்பட்டது. கட்சியின் தேசியக் கவுன்சில் எடுத்த முடிவுகள் மீறப்பட்டன என்று குற்றம்சாட்டி, தேர்தலுக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது கன்னோல்ட் விலகினார். கவுன்சில் உறுப்பினர்கள் சிலரும் வெளியேறினர். அரசுகளின் இரகசியத்தை எதிர்த்துப் பிறந்த கட்சியால், தன் உறுப்பினர்களுக்கே பதில் சொல்ல முடியவில்லை. விக்டோரியாவில் அதற்குக் கிடைத்த வாக்கு 1 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. ஓர் இடத்துக்குத் தேவையானதோ சுமார் 14.3 சதவீதம். 2015இல் கட்சியின் பதிவே ரத்தானது.

அடைபட்டுக் கிடந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சொல்லலாமா? வரலாறு அதை ஏற்கவில்லை. அமெரிக்க சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸ், முதல் உலகப்போரை எதிர்த்துப் பேசியதற்காக 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டப்படி பத்தாண்டு தண்டனை பெற்றார். 1920இல் அட்லாண்டா சிறையிலிருந்தபடியே குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். கேரளத்தில் 1965 தேர்தலின்போது மார்க்சிஸ்ட் கட்சியின் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். ஆயினும் அக்கட்சி 40 இடங்களை வென்று தனிப்பெரும் கட்சியானது. தலைவரின் கால்கள் பிணைக்கப்பட்டிருந்தபோது ஆயிரக்கணக்கான ஊழியர்களின் கால்கள் நடந்தன. கூடிப் பேசி எடுத்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தியது. அசாஞ்சேவுக்குப் புகழ் இருந்தது, தியாகம் இருந்தது, ஸ்தாபனம் இல்லை.

பின்னர் நடந்ததும் இதையே மெய்ப்பிக்கிறது. ஈக்வடாரில் லெனின் மொரேனோ ஆட்சிக்கு வந்தபின் காற்று திசை மாறியது. சர்வதேச நிதியம் 420 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்த அடுத்த மாதம், 2019 ஏப்ரல் 11 அன்று தஞ்சம் திரும்பப் பெறப்பட்டது. பிரிட்டிஷ் போலீஸ் அவரைத் தூதரகத்திலிருந்து இழுத்துச் சென்றது. அமெரிக்கா சுமத்திய 18 குற்றச்சாட்டுகளில் 17, டெப்ஸைச் சிறையிலிட்ட அதே 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தவை. பெல்மார்ஷ் சிறையில் ஐந்தாண்டுகளுக்கும் மேல் கழிந்தன.

அந்தக் கதவைத் திறந்தது வேட்பாளர் அசாஞ்சே அல்லர். பத்திரிகையாளர் தொழிற்சங்கங்கள், மனித உரிமை அமைப்புகள், பல கட்சிகளைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆகியோர் ஆண்டுக்கணக்கில் இயக்கம் நடத்தினர். 2024 பிப்ரவரியில் ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் சபை அவரை நாடு திரும்ப விடக் கோரி 86–42 என்ற வாக்குகளில் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் 26 அன்று ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளும் உடன்பாட்டின் பேரில் அவர் விடுதலையாகி நாடு திரும்பினார். அதை முழு வெற்றி எனக் கொண்டாட முடியாது. செய்தி வெளியிட்டதைக் குற்றமாக ஒப்புக்கொள்ள வைத்த பின்னரே ஏகாதிபத்தியம் அவரை விட்டது. அந்தச் சட்டம் அடுத்த பத்திரிகையாளருக்காகக் காத்திருக்கிறது.

எனவே, தோழர்களே, ஏகாதிபத்தியத்தால் துரத்தப்படுபவரின் தஞ்ச உரிமையை நிபந்தனையின்றிப் பாதுகாப்பது இடதுசாரிகளின் கடமை. 2013 ஜூலையில் எட்வர்ட் ஸ்னோடனின் தஞ்சக் கோரிக்கையை நிராகரித்த இந்திய அரசு அக்கடமையில் தவறியது. ஆனால் ஒருவரைப் பாதுகாப்பதும் அவரது அரசியலைக் கேள்வியின்றி ஏற்பதும் ஒன்றல்ல. எவ்வளவு பெரிய தியாகமும் கூட்டு முடிவுக்குக் கட்டுப்படுவதிலிருந்து ஒரு தலைவருக்கு விலக்கு அளிக்காது. கிளைக் கூட்டம் ஒழுங்காக நடப்பதும், எடுத்த முடிவு எடுத்தபடியே அமலாவதும், தவறினால் கேள்வி எழுவதும் சிறு காரியங்களாகத் தோன்றலாம். அவை இல்லாததால்தான் உலகறிந்த ஒருவரின் கட்சி இரண்டே ஆண்டுகளில் கரைந்தது.