வரிசையின் வலிமை

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில், ஐப்பசித் திங்களின் இறுதியில் நடைபெறும் தேர்த் திருவிழாவை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். காணச் செல்வோரின் கண்கள் பெரும்பாலும் தேரின் உச்சியிலும் கொடிகளிலும் தோரணங்களிலுமே நிற்கும். வடத்தைப் பற்றி நிற்கும் நூற்றுக்கணக்கான கைகளை எவரும் தனித்தனியே நோக்குவதில்லை. பின்னின்று நெற்றியால் முட்டித் தேரை நகர்த்த யானையை நிறுத்துவதும் அங்கு நெடுநாளைய வழக்கம். சக்கரத்தின் அருகே குனிந்து நின்று, தேர் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பவும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவும் முட்டுக்கட்டை இடுகின்றவரையோ, கூட்டத்தின் நடுவே காண்பதே அரிது. அவர் கை ஒரு நொடி பிந்தினால் என்ன நேரும் என்பதைத் தேரோடும் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் விளையாட்டு. ஆயினும் தேரை முதலில் நினைத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. குழுவாக ஆடும் ஆட்டங்கள் பலவற்றில் வெற்றியைத் தீர்மானிப்பவர், பந்தை ஏந்தி ஓடுபவரோ எதிர்க்களத்துள் பாடிச் சென்று மீள்பவரோ அல்லர். வரிசையாக நின்று தாங்குகின்றவர்களே தீர்மானிக்கின்றனர். நம் எல்லைப்புற ஊர்களில், கிழக்கே வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் தொடங்கித் தெற்கே மூணாறு, பூப்பாறை, வண்டிப்பெரியாறு வரையில், இளைஞர் மன்றங்கள் அணி சேர்க்கும்போது இதனை மறந்துவிடுகின்றன என்பது நம் கருத்து.

வரிசையின் வலிமையை அப்பட்டமாகக் காட்டும் ஆட்டம் ஒன்று அமெரிக்க நாட்டில் உண்டு. அவர்கள் அதனைக் கால்பந்து என்றே அழைக்கின்றனர். நாம் அறிந்த கால்பந்துக்கும் அதற்கும் உறவு மிகக் குறைவு. பந்து இருமுனையும் கூம்பிய நீள்வடிவம் உடையது. களம் 100 கஜ நீளம். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும்போது, பந்துக்கு உரிய அணியில் எழுவரேனும் கோட்டின்மீது வரிசையாக நிற்க வேண்டும் என்பது விதி. அந்த எழுவரில் நடுவே நிற்கும் ஐவரே நம் பேச்சுக்கு உரியவர்கள். அவர்கள் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க விதி பொதுவாக இடங்கொடுப்பதில்லை. பந்தை ஏந்தி ஓடுவதும் அவர்கள் தொழிலன்று. எதிரே நிற்பவனை மறிப்பதும் தள்ளுவதும், தங்கள் பின்னால் நின்று பந்தெறியும் தலைவனுக்கு மூன்று நான்கு நொடிப் பொழுது வாங்கிக் கொடுப்பதுமே அவர்கள் கடமை. அந்தப் பொழுது கிடைக்காவிடில் எத்துணைச் சிறந்த எறிகாரனும் தரையில் கிடப்பான்.

இவ்வரிசையின் அருமையை ஊரறியச் செய்த நாள் ஒன்றுண்டு. 1967ஆம் ஆண்டு டிசம்பர் 31. விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் டல்லஸ் கௌபாய்ஸ் அணியும் இறுதிப் பந்தயத்தில் மோதின. குளிர் உறைநிலைக்குக் கீழே 25 பாகை. புல்தரை கல்லாக இறுகிக் கிடந்தது. மூணாற்றின் மார்கழி விடியலில் தேயிலைக் கொழுந்தின்மேல் உறைபனி பூத்திருப்பதைப் பார்த்து நடுங்குகின்றவர்கள் நாம். அந்தக் குளிரை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது. டல்லஸ் அணி 17க்கு 14 என முன்னணியில் நின்றது. ஆட்டம் முடியப் பதினாறே நொடிகள். எல்லைக்கோடு ஒரு கஜத்துக்கும் குறைந்த தொலைவில். அதற்கு முந்தைய இரு முயற்சிகளிலும் பந்தேந்தியவரின் கால் பனியில் வழுக்கிவிட்டது. அணித் தலைவர் பார்ட் ஸ்டார் பந்தைப் பிறரிடம் கொடாமல் தாமே ஏந்திப் பாய்வதென முடிவு செய்தார். வரிசையில் நின்ற ஜெரி கிரேமர் என்பவரும் நடுவாளரும் சேர்ந்து, எதிரே நின்ற நெடிய வீரரைத் தாழ்ந்து முட்டிப் பின்னே தள்ளினர். திறந்த இடைவெளியில் ஸ்டார் விழுந்தார். பேக்கர்ஸ் 21க்கு 17 என்று வென்றனர்.

வழக்கம்போல் ஸ்டாரின் புகழோடு இது முடிந்திருக்கும். ஆனால் அப்போது தொலைக்காட்சியில் ஆட்டத்தின் ஒரு பகுதியை உடனே திரும்பக் காட்டும் முறை வந்திருந்தது. அந்த நொடியைத் திரும்பத் திரும்பக் காட்டியபோதுதான், இடைவெளி தானாகத் திறக்கவில்லை, ஒருவர் திறந்தார் என்பதை மக்கள் கண்டனர். கிரேமர் அடுத்த ஆண்டு வெளியிட்ட நாட்குறிப்பு நூலுக்கு அந்த மறுகாட்சியின் பெயரையே சூட்டினார். எனினும், சிறந்த ஆட்டக்காரர்களுக்கு உரிய புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது 2018ஆம் ஆண்டில்தான். ஐம்பது ஆண்டுக் காத்திருப்பு! பந்தேந்தி விழுந்த ஸ்டாருக்கு அவ்விடம் 1977ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அந்த அணியின் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியும் இளமையில் வரிசையில் நின்றவரே. 1936ஆம் ஆண்டில் அவர் ஆடிய ஃபோர்டாம் பல்கலைக்கழக அணியின் முன்வரிசையை ஏழு கருங்கற்கள் என்று பத்திரிகைகள் அழைத்தன.

கடல் கடந்து இவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்று நேயர்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. நம் வீட்டு வாசலிலேயே வரிசை ஆட்டங்கள் உள்ளன. கிளித்தட்டில் கோட்டை விட்டு நகராமல் இரு கையையும் விரித்து மறிப்பவன்தானே ஆட்டத்தின் உயிர்? ஓணக் காலம் வந்தால் இடுக்கி மலைகளில் ஊருக்கு ஊர் முழங்கும் வடம்வலி இருக்கிறதே, அதில் வரிசையைத் தவிர வேறு எதுவுமே இல்லை. ஓட்டமில்லை, பந்தில்லை, தனி ஒருவரின் சாகசத்துக்கு இடமில்லை. பரிசு பெரும்பாலும் ஒரு கிடாயும் ஒரு நேந்திரங்குலையும். அதற்காக ஆண்டு முழுவதும் பயிற்சி செய்யும் குழுக்கள் உண்டு.

உலக விதிகளின்படி பக்கத்துக்கு எண்மர். கேரளத்துப் பந்தயங்கள் பலவற்றில் ஏழு பேர் நிற்பர். எழுவரின் மொத்த எடை 455 கிலோவுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்ற வரம்பும் வைப்பர். இந்த எடை வரம்பு நுட்பமானது. தடித்தவர் எழுவரைத் திரட்டிக் கொண்டுவந்து வெல்லும் வழியை அது அடைத்துவிடுகிறது. எடை ஒன்றேயாயின், வெல்லுவது எது?

கைவலிமை என்று பலர் விடை கூறுவர். சற்று எண்ணிப் பாருங்கள். கயிற்றின் இழுவிசை இரு பக்கத்திலும் ஏறத்தாழ ஒன்றே. நாம் பத்துப் பங்கு இழுத்தால் எதிரணியின் கையிலும் அதே பத்துப் பங்குதான் கயிறு இழுக்கும். வேறுபாடு தரையில் இருக்கிறது. எந்த அணியின் கால்கள் மண்ணை மிகுதியாக உதைத்துத் தாங்குகின்றனவோ, அந்த அணி நகராது நிற்கும், மற்றது வழுக்கும். ஆகவே வடம்வலி என்பது கால்களின் ஆட்டம். உடலைப் பின்னே சாய்த்து, முழங்காலை நிமிர்த்தி, குதிகாலை மண்ணில் ஊன்றி, முதுகும் காலும் ஒரே கோடாக நிற்கும்படி தாழ்வதே கலை. நிமிர்ந்து நின்று கையை மடக்கி இழுப்பவன் தன் எடையையே வீணாக்குகிறான்.

மண்ணும் கருதத்தக்கது. ஓணத்தின்போது மலைநாட்டில் மழை விட்டிராது. ஈரமண் குதிகாலுக்கு எளிதில் குழிந்து கொடுக்கும், அதே வேகத்தில் சேறாகிக் காலை வாரியும் விடும். சித்தூரின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண். காய்ந்தால் ஓட்டைப்போல் இறுகும், நனைந்தால் பசையாய் ஒட்டும். மலையில் பழகிய அணி சமவெளிக்கு வந்து முதல் இழுப்பிலேயே தடுமாறினால், வலிமை குறைந்துவிட்டது என்று எண்ணலாகாது; கால் புதிய மண்ணை அறியவில்லை, அவ்வளவே.

காலணி பற்றி ஒரு பழைய கதை. வடம் இழுத்தல் 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக் போட்டிகளில் ஓர் ஆட்டமாகவே இருந்தது. 1908ஆம் ஆண்டு லண்டனில் லிவர்பூல் நகரக் காவலர் அணி அமெரிக்கரை எதிர்த்தது. முதல் இழுப்பிலேயே அமெரிக்கர் பறந்து வந்தனர். காவலரின் கனத்த பூட்சுகளே காரணம் என்று முறையிட்டுவிட்டு அவர்கள் களத்தை விட்டு வெளியேறினர். அவை நாங்கள் அன்றாடம் பணிக்கு அணியும் பூட்சுகளே என்றனர் காவலர். முடிவில் தங்கம் லண்டன் சிட்டிக் காவலருக்கும், வெள்ளி லிவர்பூல் காவலருக்கும் கிட்டின. காவலர் அணிகள் வென்றதற்கு நாம் காணும் காரணம் வேறு: நாள்தோறும் ஒன்றாக அணிவகுத்து, ஒரே சொல்லுக்கு ஒரே நேரத்தில் காலெடுத்து வைத்துப் பழகியவர்கள் அவர்கள்.

வரிசையின் கடைசியில் நிற்பவரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். நங்கூரம் என்று அவரை அழைப்பது பொருத்தமே. கயிறு அவர் அக்குளின்கீழ் சென்று, முதுகின் குறுக்கே ஏறி, மறு தோளின்மேல் வந்து இறங்கும். முன்னே நிற்பவர்கள் மூச்சு வாங்கும் நொடியில், பெற்ற தூரம் பறிபோகாமல் காப்பவர் அவரே. முன்னவர் முதுகுகளைத் தவிர வேறெதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. கயிற்றின் நடுக்கத்தைக் கொண்டே எதிரணி எப்போது தளர்கிறது என்பதை அவர் உணர வேண்டும். நான்கு மீட்டர் இழுத்து வெற்றி பெற்றவுடன் கூட்டம் முன்னவரைத் தோளில் தூக்கும். நங்கூரக்காரர் கயிற்றிலிருந்து தம்மை அவிழ்த்துக்கொண்டிருப்பார்.

சடுகுடுவிலும் இதே கதைதான். இன்றைய கபடியில் பாடிச் செல்பவருக்கு முப்பது நொடி. அவரைத் தேடியே ஒளிப்படக் கருவி ஓடுகிறது. கை கோத்து நிற்கும் சங்கிலியைப் பற்றி எவரும் பாடுவதில்லை. 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டில் ஆடவர் கபடித் தங்கத்தை ஏழு முறை தொடர்ந்து வென்ற இந்தியா, 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18க்கு 27 என்று தோற்றது. நம் பாடகர்கள் புகழில் குறைந்தவர்கள் அல்லர். ஈரானியர் சங்கிலி கலையாமல் நின்றது; மூலையில் நின்றவர் கணுக்காலைப் பற்றிய மறுகணமே பக்கத்திலிருந்தவர் இடுப்பில் விழுந்தார். ஒருவர் பிடிக்க மற்றவர் பார்த்து நிற்பது அங்கு இல்லை. பிடிப்பவர் மூவராகவோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போது பாடிவந்தவரை மடக்கினால் கூடுதலாக ஒரு புள்ளி உண்டு என்ற இன்றைய விதியும் சங்கிலிக்குக் கிடைத்த மரியாதை என்றே நாம் கொள்கிறோம்.

இனி நம் ஊர் மன்றங்களுக்கு வருவோம். மாலையில் களத்துக்கு வரும் சிறுவருள் எல்லோரும் பாடிச் செல்லவே விரும்புகின்றனர். பந்தென்றால் எல்லோரும் முன்னணியில் ஆடவே விரும்புகின்றனர். உடல் கனத்தவன், ஓட்டத்தில் மந்தமானவன், கூச்சமுள்ளவன் ஆகியோர் ஓரத்தில் அமர்ந்து பிறர் சட்டைகளைக் காத்துக்கொண்டிருக்கின்றனர். தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளுள் இத்தகையோர் பலர். செங்குத்தான சரிவில் சுமையோடு ஏறி இறங்கும் தாய் தந்தையரைக் கண்டு வளர்ந்தவர்கள். தாமும் அதே சரிவில் நடந்து பள்ளிக்குச் சென்றவர்கள். அவர்கள் கால்களில் இருப்பதே வரிசைக்கு வேண்டிய வலிமை. அதனைக் கண்டெடுக்கும் கண்தான் நம்மிடம் குறைவு. ஓட்டப் பந்தயம் வைத்து அணி தேர்ந்தால் இவர்கள் முதல் நாளே வீட்டுக்குப் போய்விடுவர், பிறகு வரமாட்டார்கள்.

ஆதலின் தேர்வை மாற்றி அமைக்க வேண்டும் என்போம். முதலில் மூலைக்காரர் இருவரையும் நங்கூரக்காரரையும் தேர்ந்தெடுங்கள். பாடுபவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பாடுபவர் எந்த ஊரிலும் தாமாகவே முளைப்பர். பயிற்சி நேரத்தின் முற்பாதியைச் சங்கிலிக்குக் கொடுங்கள். இருவர் இருவராகக் கை கோத்து, ஒருவர் அசைந்தால் மற்றவரும் அசையும்வரை பக்கவாட்டில் நகரச் செய்யுங்கள். பெண்கள் குழுக்களுக்கும் இதுவே முறை. கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசை பிடித்து நகரும் ஒழுங்கைக் கண்டவர்கள், அவர்கள் வடம் பிடித்தால் எப்படி இழுப்பர் என்பதை ஐயுறமாட்டார்கள். ஆண்டு விழாவில் சிறந்த பாடகருக்குக் கோப்பை கொடுக்கும் மன்றம், சிறந்த பிடிகாரருக்கும் அதே அளவுக் கோப்பை கொடுக்கட்டும். சிறிய கோப்பை கொடுப்பதைவிடக் கொடாதிருப்பதே மேல்.

வடம் வாங்குவோர்க்கும் ஒரு சொல். பிடி நிறையும் பருமன் வேண்டும். சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர் என்பது உலக விதி. கயிற்றில் எங்கும் முடிச்சு இருத்தலாகாது. மலைநாட்டு மழையில் நனைந்த நார்வடம் புடைத்து விறைக்கும். அந்நிலையில் இழுத்தால் உள்ளங்கைத் தோல் மிஞ்சாது. பந்தயம் முடிந்ததும் சேற்றைக் கழுவி, சுருட்டி மூலையில் எறிந்துவிடாமல், நிழலில் நீளக் கட்டிக் காயவிடுங்கள். அடுத்த ஓணத்துக்கும் அதே வடம் உதவும்.