கரண்ட் போனா ஒர்க்ஸ்பேஸ் எங்க போகும்?

ரெண்டு மானிட்டர் வச்சு ஐ3 பழக ஆரம்பிச்சவங்க குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. இதுல ஒரு ஒர்க்ஸ்பேஸ் ஒரு நேரத்துல ஒரே மானிட்டருக்குத்தான் சொந்தம். 3-ஐ அழுத்தினா, அது எந்த மானிட்டர்ல இருக்கோ அங்க ஃபோகஸ் தாவும். எக்ஸ்மோனாட்ல பழகினவங்களுக்கு இது எரிச்சல்தான். அங்க, கேட்ட ஒர்க்ஸ்பேஸ் நாம பாக்குற திரைக்கே வந்துரும். எனக்கு ஐ3 முறைதான் பிடிக்கும். இடப்பக்கம் லேப்டாப்ல எடிட்டர், வலப்பக்கம் மானிட்டர்ல டெர்மினல். தலை தானா திரும்பும்.

ஆனா புதூர்ல வீட்டுல இருந்து வேலை பாக்கறவங்களுக்கு இன்னொரு கவலை இருக்கு: கரண்ட். அது போனா லேப்டாப் பேட்டரில ஓடும், மானிட்டர் இருட்டாயிடும். சில மானிட்டர்ல, எச்டிஎம்ஐ கேபிள் செருகியிருக்கிற வரைக்கும் திரை இருக்குன்னே லேப்டாப் நம்பிட்டிருக்கும். ஜன்னல் எதுவும் இந்தப் பக்கம் வராது. டேட்டாபேஸ் மைக்ரேஷன் பாதில நிக்கிற டெர்மினல் அந்த இருட்டுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். ஆமாவா இல்லையான்னு அது கேட்டாக்கூட நமக்குத் தெரியாது.

அதனால 'மூவ் ஒர்க்ஸ்பேஸ் டு அவுட்புட் லெஃப்ட்' கட்டளைக்கு கான்ஃபிக்ல ஒரு கீ ஒதுக்கி வைங்க. கரண்ட் போனதும் ஒர்க்ஸ்பேஸ் நம்பரை அழுத்துங்க, அடுத்து இந்தக் கீ. லேப்டாப் திரைக்கு வந்துரும். ஸ்வே வச்சிருக்கவங்களுக்கும் இதே வரிதான்.