வெந்நீர் வரும் குழாய்

பாலைவன நகரம் என்றவுடன் ஒட்டகமும் ஈச்சமரமுமே நம்மவர் மனக்கண்ணில் தோன்றும். குவைத் நகரிற் போய் இறங்குபவர் முதல் வாரத்தில் ஒட்டகத்தைக் காண்பது அரிது. அகன்ற பெருந்தெருக்களையும், ஓயாது ஓடும் மோட்டார் வண்டிகளையும், வெளிறிய மண்ணிறக் கட்டடங்களையும், அவற்றின் உச்சியில் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளையுமே அவர் காண்பார். தொட்டி அற்பப் பொருளாகத் தோன்றலாம். ஆயினும் அந்நகர வாழ்க்கையின் முதற் பாடத்தை அதுவே கற்பிக்கிறது.

வடமராட்சியிலிருந்து கணக்காளர் ஒருவர் ஆடி மாதத்தில் அங்கே போய்ச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பயணக் களைப்புத் தீர முழுகலாமென்று குளியலறைக்குட் சென்று நீலக் குறியுள்ள குழாயைத் திறக்கிறார். கை பொறுக்காத வெந்நீர் வருகிறது. சிறிது நேரம் ஓடவிட்டாற் குளிரும் என்று காத்திருக்கிறார். சூடு ஏறுகிறதேயன்றிக் குறையவில்லை. அடுத்த அறையில் இருப்பவர், “அண்ணை, சிவப்பைத் திறவுங்கோ” என்று கூவுகிறார். சிவப்புக் குறியுள்ள குழாயில் இதமான தண்ணீர் வருகிறது! காரணம் எளியது. கூரைமேல் உள்ள தொட்டி பகல் முழுவதும் வெயிலிற் காய்கிறது. அந்நீரே நீலக் குழாயில் வருகிறது. நீரைச் சூடாக்கும் கலமோ குளிரூட்டப்பட்ட வீட்டினுள் இருக்கிறது. கோடை தொடங்கியதும் அதன் மின்சாரத்தை நிறுத்திவிட்டால், உள்ளே தங்கிய நீர் மெல்லக் குளிர்ந்துவிடும். எனவே கோடையில் வெந்நீர்க் குழாயே தண்ணீர்க் குழாய். இதனை எந்த நூலும் அவருக்குச் சொல்லியிராது.

அவ்வெயில் எத்தகையது என்பதற்கு ஓர் அளவு உண்டு. 2016ஆம் ஆண்டு ஆடி மாதம், ஆங்கிலக் கணக்கில் யூலை 21ஆந் திகதி, குவைத் நாட்டின் மித்ரிபா என்னுமிடத்தில் 53.9 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. உலக வானிலை நிறுவனம் பின்னர் அதனை ஆராய்ந்து ஏற்றுக்கொண்டது. கடலோரத்தில் ஈரக்காற்று வீசும் நாள்களில் வேறொரு வேடிக்கை நிகழும். குளிரூட்டிய அறையை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் மூக்குக்கண்ணாடி பனி மூடியதுபோல் மங்கிவிடும். பட்டப்பகலிற் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வாசலில் நிற்பவரைக் கண்டால், அவர் புதியவர் என்று காவற்காரன் அறிந்துகொள்வான்.

குவைத்தில் ஆறு கிடையாது. எண்ணெய் பெருகுவதற்கு முன்னே, ஷத்துல் அரபு ஆற்றிலிருந்து பாய்க்கப்பல்களில் நன்னீர் ஏற்றிவந்து, தோற்பைகளில் நிரப்பித் தெருத்தெருவாக விற்றனர். 1938இல் எண்ணெய் கண்டார்கள். 1946இல் முதலாவது எண்ணெய்க் கப்பல் புறப்பட்டது. 1953இற் கடல்நீரைக் காய்ச்சி வடித்து நகருக்குக் குடிநீர் வழங்கத் தொடங்கினர். 1979இல் திறக்கப்பட்ட குவைத் கோபுரங்களைப் படத்திற் கண்டோர் அவற்றை அலங்காரம் என்றே எண்ணுவர். அவற்றின் பெரும் உருண்டைகளுள்ளும் தண்ணீர் தேக்கி வைக்கப்பட்டிருக்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் வற்றாத ஆறென ஒன்றில்லை. கிணற்றை நம்பியே ஊர் வாழ்கிறது. ஆகவே தண்ணீரின் அருமையை அங்கே போய்த்தான் நம்மவர் கற்கவேண்டும் என்பதில்லை. ஆனால், கடலைக் காய்ச்சிக் குடிக்கிறோம் என்று எண்ணும்போது அவர்களுக்கும் ஒரு திகைப்பு ஏற்படவே செய்கிறது.

நம் கணக்காளர் எதிர்கொள்ளும் அடுத்த விசித்திரம் ஒரு சொல். வீடு வாடகைக்குத் தேடிச் செல்லுமிடங்களில், “குடும்பத்தாருக்கு மட்டும், பச்சிலருக்கு இல்லை” என்று அறிவிப்புத் தொங்கும். பச்சிலர் என்பது மணமாகாதவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் என்பது யாவரும் அறிந்ததே. குவைத்தில் அதன் பொருள் வேறு. மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வாழும் ஆண்மகன் எவனும் அங்கே பச்சிலரே. மூன்று பிள்ளைகளின் தகப்பன், ஏன், பேரப்பிள்ளை கண்ட கிழவனுங்கூட அங்கே பிரமசாரி! குடும்பத்தை அழைப்பதற்கு அரசு விதித்த அளவு சம்பளம் வேண்டும். அவ்வளவு பெறாதோரே பெருந்தொகையினர். குடும்பங்கள் வாழும் பகுதிகளில் இவர்கள் குடியிருக்கவும் தடையுண்டு. ஜலீப் போன்ற புறநகர்களில் ஓரறையைப் பலர் பங்கிட்டுக்கொள்கின்றனர். ஒருவர் இரவு வேலை முடித்து வரும்போது மற்றவர் கட்டிலை விட்டு எழுவார். ஒருவனை ஊரிலே குடும்பஸ்தன் ஆக்குகின்ற அதே உழைப்பு, அங்கே அவனைப் பிரமசாரி ஆக்கிவிடுகிறது. இதனைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்தபின் சற்று நேரம் எவரும் பேசமாட்டார்கள்.

நோன்பு மாதத்திற் பகல்வேளையில் வெளியிடத்தில் உண்பதும் பருகுவதும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புதியவர் தாகத்தால் தெருவிற் போத்தலைத் திறக்க, முன்பின் அறியாத ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துத் தடுப்பதுண்டு. கோபத்தினாலன்று, காவலர் கண்ணிற் படாதிருக்கட்டும் என்ற இரக்கத்தினாலேயே அவர் அவ்வாறு செய்கிறார்.

கணக்காளருக்கு நிழலாவது உண்டு. கட்டட வேலைக்காரருக்கோ யூன் முதலாந் திகதி தொடங்கி ஓகஸ்ட் முடியும்வரை பகல் 11 மணிக்கும் 4 மணிக்குமிடையே வெயிலில் வேலை வாங்கலாகாது என்ற விதியே நிழல். வீட்டுப் பணிப்பெண்களின் நிலை இன்னும் வேறு. நம் நாட்டிலிருந்து சென்ற பெண்களிற் பலர் இத்தொழிலுக்கே சென்றனர். கிழமையில் ஒரு நாள் ஓய்வு வேண்டும், கடவுச்சீட்டை எசமானர் பறித்து வைத்திருக்கலாகாது என்று 2015ஆம் ஆண்டு சட்டம் செய்தார்கள். சட்டம் வந்தது நன்று. ஆனால் ஒரு வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நடப்பதைக் காணச் சட்டத்துக்குக் கண் போதாது. தங்கள் வீட்டுப் பெண்போல நடத்தி, அவளுடைய மகளின் திருமணத்துக்கு நகை வாங்கிக் கொடுத்தனுப்பும் குடும்பங்களும் அங்கே உண்டு. எந்த வீடு வாய்க்குமென்று விமானம் ஏறும்போது அவளுக்குத் தெரியாது என்பதே துன்பம்.

இவ்வாழ்க்கை எத்துணை மெல்லிய நூலிற் தொங்குகிறது என்பதை 1990ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஓகஸ்ட் 2ஆந் திகதி ஈராக்கியப் படை குவைத்தினுட் புகுந்தது. குவைத் தினார் உலகத்திற் பெறுமதி மிக்க நாணயங்களுள் ஒன்று. சில கிழமைகளில் அது செல்லாக் காசாயிற்று. இலங்கையர் பல்லாயிரவர் பையொன்றுடன் ஈராக்கைக் கடந்து, யோர்தான் நாட்டு எல்லையிலே கூடாரங்களிற் கிடந்து ஊர் சேர்ந்தனர். ஐக்கிய நாடுகள் சபை 1991இல் அமைத்த நட்டஈட்டு ஆணைக்குழு, பின்னாளில் அவர்களுக்கும் பணம் வழங்கியது. நகரம் மீண்டெழுந்ததும் திரும்பவும் அங்கேயே சென்றவர்கள் பலர். அச்சத்தைவிட அடைமானம் பெரிதாயிருந்திருக்கும்.

மழை வந்தாலும் அந்நகர் தடுமாறும். 2018ஆம் ஆண்டு நவம்பரிற் பெய்த பெருமழையிற் பெருந்தெருக்கள் குளமாயின, பாடசாலைகள் மூடப்பட்டன, பொதுப்பணி அமைச்சர் பதவி விலகினார். நம்மூர்க் காரணங்களுக்காக மழையை விரும்புகிறவர்கள் பச்சிலர் அறைகளில் இருக்கிறார்கள். முதற் துளி விழுந்ததும் வேலைகளை விட்டு மாடி முகப்புக்கு ஓடி வருவார்கள். புழுதி நனையும் மணம் எழும். நம் கணக்காளர் தொலைபேசியை எடுத்து ஊருக்குப் பேசுகிறார். அங்கே மாலை ஆறு மணியென்றால் இங்கே இரவு எட்டரை. மழையின் ஓசை கேட்கட்டுமென்று கருவியை வெளியே நீட்டிப் பிடிக்கிறார். மனைவிக்கு ஒன்றும் கேட்கவில்லை. இங்கே மூன்று நாளாக ஓயாத மழை. கிணறு முட்டி நிற்கிறது, சின்னவனைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை, குசினிக் கூரையில் ஓரிடத்தில் ஒழுகுகிறது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார்.