புளூ மவுண்டனுக்கு எந்த வாகனத்தில் போகலாம்?



நவம்பரில் முதல் சினோ கொட்டியதும் ஒன்ராறியோவில் நம்மவர் வீடுகளில் பிள்ளைகள் தொடங்கிவிடுவார்கள். "அப்பா, இந்த முறை புளூ மவுண்டனுக்குப் போவமா?" பள்ளிக்கூடத்தோடு ஒருதரம் போய்ப் பனிச்சறுக்கின் ருசி கண்ட பிள்ளையை மறிக்க முடியாது. அப்பாவின் தலைக்குள் வேறொரு கேள்வி ஓடும். எங்கட வான் அந்தத் தெருவுக்குத் தாக்குப் பிடிக்குமா, அல்லது நாலு சில்லும் இழுக்கிற எஸ்யூவி ஒன்று எடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வியோடு வாகனம் விற்கிற இடத்துக்குப் போனால் என்ன பதில் கிடைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கையெழுத்துப் போட முன்னம் கொஞ்ச நேரம் என்னோடு இருங்கள்.

வாகனத்தைப் பார்க்க முன் தெருவைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டென்வர் நகரிலிருந்து வேல் மலைக்குச் சறுக்கப் போகிறவர்கள் ஐ-70 நெடுஞ்சாலையில் ஏறி, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். அங்கே ஏற்றம் பெரிய பிரச்சினை. கொலிங்வூட் பக்கத்தில் இருக்கும் நம்முடைய புளூ மவுண்டனோ அடிவாரத்திலிருந்து உச்சிவரை சுமார் 220 மீற்றர்தான். நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து வடக்கே நீண்டு போகிற பாறைச்சரிவின் ஒரு விளிம்பைத்தான் மரியாதைக்கு மலை என்கிறோம். வழியில் மேடு பள்ளம் இல்லாமல் இல்லை. ஷெல்பேர்ன் பக்கத்தால் 124ஆம் இலக்க வீதியைப் பிடித்தால், சிங்ஹாம்ப்ரனுக்குப் பிறகு கொலிங்வூட்டை நோக்கி நல்ல இறக்கம் வரும். ஆனால் ஸ்காபரோவிலிருந்தோ மார்க்கத்திலிருந்தோ போகிறவரைத் திணறடிப்பது காற்று.

ஹூரன் ஏரியும் அதன் ஜோர்ஜியன் குடாவும் டிசெம்பரில் இன்னும் உறையாமல் கிடக்கும். அந்தத் தண்ணீர் மேலே வீசும் காற்றை விடச் சூடானது. வடமேற்கிலிருந்து வருகிற கடுங்குளிர்க் காற்று அதன்மேல் வரும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகக் கொட்டாது, ஒடுங்கிய பட்டைகளாகக் கொட்டும். நெடுஞ்சாலை 400இல் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் போயிருப்பீர்கள். பரி நகரில் இறங்கி 26ஆம் இலக்கத் தெருவில் கொஞ்சத் தூரம் போக, முன்னால் போன வாகனத்தின் சிவப்பு விளக்கு இல்லாமற்போய்விடும். இரண்டு பக்கமும் வயல். காற்றை மறிக்க மரமும் குறைவு. தெருவில் கிடந்த சினோவையும் அதே காற்று தூக்கி அடிக்கும்.

அப்படிப்பட்ட இடத்தில் வாகனம் ஏறுமா என்பது இரண்டாவது கேள்வி. நிற்குமா என்பதுதான் முதற் கேள்வி.

நாலு சில்லும் இழுக்கிற வாகனத்துக்கும் பனிமலைக்கும் உள்ள உறவு பழையது. ஜப்பானின் வடகிழக்கில் தோஹோக்கு என்ற பிரதேசம், பனி அப்பிக் கிடக்கும் மலைநாடு. 1970களின் தொடக்கத்தில் அங்குள்ள மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள் மின்கம்பிகளைப் பராமரிக்க ஜீப்பில்தான் மலை ஏறினார்கள். ஜீப் ஏறும், ஆனால் உள்ளே இருக்கிறவர் விறைத்துப்போவார். சாதாரணக் கார் மாதிரி இதமாகவும் இருக்க வேண்டும், பனியிலும் ஏற வேண்டும் என்று அவர்கள் கேட்க, அவ்வூர் சுபாரு விற்பனையாளர் ஒரு சிறிய காரின் பின் சில்லுகளுக்கும் இழுவை கொடுத்துப் பார்த்தார். அந்த முயற்சியிலிருந்துதான் 1972இல் சுபாரு லியோன் நாலுசில்லு வண்டி சந்தைக்கு வந்தது. இன்று புளூ மவுண்டன் வாகனத் தரிப்பிடத்தில் வரிசை வரிசையாக சுபாரு நிற்பதற்கு அந்த மின்கம்பி ஊழியர்களும் ஒரு காரணம். பிறகு 1986இல் ஆடி நிறுவனம், பின்லாந்தின் கைப்போலா என்ற இடத்தில், சறுக்கு வீரர்கள் பாய்கிற மேடையின்மேல் காரை ஏற்றிக் காட்டி விளம்பரம் எடுத்தது. பார்த்தவர் வாய் பிளந்தார்கள். 2005இல் அதே மேடையில் புதிய கார் ஒன்றை ஏற்றினார்கள். அதன் ரயர்களில் முட்கள் பதித்திருந்ததை நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

நாலு சில்லு இழுவை நல்லதுதான். தரிப்பிடத்திலிருந்து வெளியே வரவும், சிவப்பு விளக்கில் நின்று மேட்டில் புறப்படவும், சினோ நிறைந்த வீட்டு வாசலைக் கடக்கவும் அதைப்போல உதவி கிடையாது. ஆனால் பிரேக் எல்லா வாகனத்திலும் நாலு சில்லுக்கும்தான் இருக்கிறது. இழுவை பிரேக்குக்கு ஒன்றும் கூட்டிக் கொடுப்பதில்லை. சொல்லப்போனால் ஒரு கெடுதலும் உண்டு. முன்சில்லு வாகனம் புறப்படும்போதே கொஞ்சம் வழுக்கி, தெரு மோசம் என்று ஓட்டுகிறவருக்குச் சொல்லிவிடும். நாலுசில்லு வாகனம் அந்தச் செய்தியைச் சொல்லாமல் அமைதியாக வேகம் எடுத்துவிடும்.

ஒரு சிறு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 80 கிலோமீற்றர், கிராமத்துத் தெருக்களில் வழக்கமான வேகம். காய்ந்த தாரில் பிரேக்கை அழுத்தினால் ஏறத்தாழ 30 மீற்றரில் நிற்கலாம். அமுங்கிய சினோவில் அதுவே 100 மீற்றர் ஆகும். மினுங்குகிற ஐஸில் 250ஐத் தொடும். இது உராய்வை வைத்துப் போட்ட கணக்கு. கால் பிரேக்குக்குப் போக எடுக்கும் அந்த ஒரு விநாடிக்குள் ஓடுகிற 22 மீற்றரை இதில் சேர்க்கவில்லை. இந்தத் தூரங்களைக் குறைக்க வாகனத்தில் ஒரேயொரு பொருளால்தான் முடியும். தெருவைத் தொட்டுக்கொண்டிருக்கிற ரப்பர்.

வெயிற்கால ரயரும் வழக்கமான ஓல்-சீசன் ரயரும் 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய்ப் போத்தல் குளிரில் கட்டியாவதைப் போல. குளிர்கால ரயரின் ரப்பர் வேறு சேர்மானம். கடுங்குளிரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஒன்று பலகை, மற்றது அமுங்கிக் கொடுக்கும். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தால் குளிர்கால ரயரின் ஒவ்வொரு கட்டையிலும் பிளேட்டால் கீறியது போல நெளி நெளியாக மெல்லிய வெட்டுகள் தெரியும். ரயர் உருளும்போது அந்த வெட்டுகள் திறந்து மூடி, ஓரங்களால் சினோவைக் கௌவிப் பிடிக்கின்றன. பக்கச் சுவரில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். 1999இல் வந்த அடையாளம் அது. அமுங்கிய சினோவில் சோதித்துத் தேறிய ரயர் என்று பொருள். அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோதிக்கப்படுவது இழுவைதான். ஐஸில் நிற்பதையோ வளைவில் திரும்புவதையோ அந்தப் படம் உறுதி சொல்லாது. எம்-எஸ் (M+S) எழுத்துகள் மட்டும் இருந்தால், அவை ரயரின் கோலத்தைப் பற்றிச் சொல்கின்றன, குளிரைத் தாங்குவது பற்றி ஒன்றும் இல்லை.

பழைய ரயர் மலிவாக வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கங்களைப் பாருங்கள். 3521 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. எவ்வளவு தடிப்பு மிச்சமிருந்தாலும் வயதான ரப்பர் இறுகித்தான் இருக்கும். தடிப்பும் 4, 5 மில்லிமீற்றருக்குக் கீழே போனால் சினோவுக்கு உதவாது. முன்னுக்கு இரண்டு மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் நிற்கும், பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும்.

இப்போது நம்முடைய வானுக்கு வருவோம். ரொயோட்டா சியென்னா, ஹொண்டா ஒடிசி இரண்டும் நம் சமூகத்தில் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் ஓடியே பழகியவை. ஒடிசி முன்சில்லு இழுவை மட்டும். சியென்னாவுக்கு நாலுசில்லு வகையும் உண்டு, 2021 மாதிரியிலிருந்து பின் சில்லுகளை ஒரு மின்மோட்டர் இழுக்கிறது. நாலு குளிர்கால ரயர் போட்ட ஒடிசியையும் ஓல்-சீசன் ரயரோடு வந்த நாலுசில்லு எஸ்யூவியையும் காட்டி, சிங்ஹாம்ப்ரன் இறக்கத்துக்கு எது வேண்டும் என்று கேட்டால், யோசிக்காமல் ஒடிசியின் சாவியை எடுப்பேன். வானின் எஞ்சின் பாரம் முன் சில்லுகளின்மேலே இருக்கிறது. அதுவே ஒரு பிடிமானம். ஆறு பேரும் சறுக்குச் சப்பாத்தும் தலைக்கவசமும் ஏறும். 165 சென்ரிமீற்றர் சறுக்குப் பலகை நடு இருக்கை வழியே நீட்டிப் படுக்கும், கூரையில் கட்டிக் காற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. உள்ளே வைத்தாலும் இறுக்கிக் கட்டுங்கள்.

தரைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியில் எஸ்யூவி வெல்லும். கொரொல்லாவில் அது 13 சென்ரிமீற்றர் அளவு, சுபாரு குரொஸ்ரெக்கில் 22. சினோ தள்ளாத தெருவில் ஒரு விடுமுறை வீடு எடுத்துத் தங்குகிற எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் உதவும். அன்றே போய் அன்றே திரும்புகிறவருக்கு, தள்ளி உப்புப் போட்ட தெருவில், பெரிதாக வேலையில்லை. வெறும் பெட்டியோடு போகிற பிக்கப் டிரக் பற்றிப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. பின்பாரம் இல்லாமல் பின்சில்லால் இழுக்கும்போது அதன் வால் ஆடுவதைப் பார்த்தவருக்கு அந்தப் பெருமை வராது.

மின்சார வாகனம் வைத்திருப்பவர்கள், குளிரில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும் என்பதைக் கணக்கில் எடுங்கள். வீட்டில் செருகியபடியே உள்ளேயும் பற்றரியையும் சூடாக்கிவிட்டுப் புறப்பட்டால் நிலைமை கொஞ்சம் நல்லது. மிதியிலிருந்து காலை எடுத்ததும் தானாக வேகம் குறைக்கிற வசதியை வழுக்குத் தெருவில் குறைத்து வையுங்கள்.

வாடகைக்கு எஸ்யூவி எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. ஒன்ராறியோவில் வாடகை வாகனத்தில் குளிர்கால ரயர் இருக்கும் என்று நீங்களாகவே நினைத்துவிடக்கூடாது. கேட்டு, போய்க் குனிந்து அந்தப் பனிப்பூவைப் பார்த்து எடுங்கள். கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டக் கட்டாயம். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் குளிர்கால ரயர் போட்டால் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு தர வேண்டும் என்று 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவில் விதி இருக்கிறது. கேட்டால்தான் தருவார்கள், தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

வாகனம் எதுவானாலும் பார்வையும் முக்கியம். இப்போதைய எல்ஈடி விளக்குகளின் முன்பக்கம் அவ்வளவாகச் சூடாகாது, அதனால் மேலே ஒட்டிய சினோ உருகாது. இடையில் நிறுத்தித் துடைக்க வேண்டும். முன்னால் நீல விளக்கு மினுக்கிக்கொண்டு சினோ தள்ளும் லொறி போனால் அதை முந்த வேண்டாம். அதன் பின்னால் இருப்பதுதான் அன்றைக்குக் கிடைக்கிற நல்ல தெரு. 15 பாகையில் கராஜுக்குள் நின்ற வாகனம் மைனஸ் 15இல் வெளியே வந்தால் ரயர்க் காற்று ஐந்து, ஆறு பிஎஸ்ஐ இறங்கியிருக்கும், அதையும் பாருங்கள். சினோவில் மாட்டிக்கொண்டு எஞ்சினை ஓடவிட நேர்ந்தால், புகைக்குழாயை மூடிய சினோவை முதலில் தோண்டி எடுங்கள். அந்தப் புகையில் இருக்கும் நச்சு வாயு உள்ளே வந்தால் மணமே தெரியாது.

செலவைச் சொல்லாமல் விட்டால் கோபிப்பீர்கள். நாலு ரயரும் இரும்பு ரிம்மும் சேர்த்து 1,000 டொலரைத் தாண்டிவிடும். ஆனால் குளிர்காலம் முழுக்க மற்ற நாலும் தேயாமல் கராஜில் கிடக்கும். நாலுசில்லு வகைக்குக் கேட்கிற மேலதிகப் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய தொகைதான். இரண்டுக்கும் வசதியிருந்தால் இரண்டையும் எடுங்கள். ஒன்றுக்குத்தான் வசதி என்றால், வானை வைத்துக்கொண்டு ரயரை வாங்குங்கள்.

கராஜில் நேரம் எடுக்க ஒக்ரோபர்தான் சரி. முதல் சினோ விழுந்த மறுநாள் எல்லோரும் அழைப்பார்கள், அன்றைக்கு அழைத்தால் இரண்டு கிழமை கழித்துத்தான் வரச் சொல்வார்கள்.