திரும்பும் இடத்தில் ஒரு குடை

(நம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெர்த்தில் இருக்கும் மகளைப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் திரும்பியதும், "கடலுக்குள் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று நம் செயலாளர் கேட்டார். பார்த்ததைச் சொல்கிறேன்; பயந்ததையும் சொல்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள நிங்கலூ பவளப்பாறை 260 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டியே போகிறது. 2011-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பல இடங்களில் படகுகூட வேண்டாம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு மணலிலிருந்தே நீந்திப் போய்ப் பார்க்கலாம். இதைத்தான் ஸ்நார்க்கலிங் என்கிறார்கள்.

பெர்த்திலிருந்து எக்ஸ்மவுத் ஊருக்குச் சுமார் 1,250 கி.மீ. காரில் இரண்டு நாள். அதையும் தாண்டி, கேப் ரேஞ்ச் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டோம். இடத்தை முன்பே பதிவு செய்ய வேண்டும். முகாமில் கடை இல்லை, குடிநீர் இல்லை, எங்கள் செல்போன்களில் சிக்னலும் இல்லை. மூன்று பேருக்கு மூன்று நாளைக்கு 60 லிட்டர் தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோனோம். டேங்கர் வராத நாளில் நாம் எப்படி அளந்து செலவழிப்போமோ, அப்படித்தான் அங்கே தினமும். குப்பையையும் திரும்ப எடுத்துவந்தோம்.

மறுநாள் டர்க்குவாய்ஸ் பே. அலைகள் பாறைக்கு மேலாகத் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் பாறையில் உள்ள ஓர் இடைவெளி வழியாக வெளியே ஓடும். தெற்கே இறங்கினால் நீரோட்டமே நம்மை வடக்கே கொண்டுபோகும். மணல்திட்டு வருமுன் கரையேறிவிட வேண்டும். தவறினால், அந்த இடைவெளி வழியாக வெளிக்கடல்தான்.

மகள் அவள் அம்மாவைச் சிவப்புக் குடையோடு திட்டுக்கு முன்னால் நிற்கவைத்தாள். "அப்பா, அடிக்கடி தலையைத் தூக்கிக் குடையைப் பாருங்க. குடைக்கு நேரா வந்ததும் கரைக்கு வந்துடணும்" என்றாள்.

நான் ஊர்க்கிணற்றில் நீச்சல் கற்றவன். தலையாட்டிவிட்டு இறங்கினேன். கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கும் சத்தம் காதில் கேட்டது. ஓர் ஆமை வந்தது. அதன் பின்னாலேயே போனேன். தலையைத் தூக்கினால், குடை எனக்குப் பின்னால்! பதறி எதிர்நீச்சல் போட்டேன், ஓரடிகூட நகரவில்லை.

"எதிர்த்து நீந்தாதீங்க! கரையைப் பார்த்துக் குறுக்கே வாங்க!" என்று மகள் கத்தினாள். அப்படியே செய்தேன். கால் மணலில் பட்டபோது திட்டின் நுனிக்குப் பத்தடிதான் மிச்சம். நீச்சலே தெரியாத மனைவி, முழங்கால் தண்ணீரில் நின்று கைகொடுத்தாள்.

விடுமுறைக்குக் கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். தனியாக இறங்காதீர்கள். எங்கே இறங்குவது என்று பார்க்குமுன் எங்கே ஏறுவது என்று பாருங்கள். அந்த இடத்தில் ஒருவரை நிற்கவையுங்கள். பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள்; அது உயிருள்ளது. 2025-இல் கடல் சூடேறி நிங்கலூவிலும் பவளங்கள் வெளுத்தன. நாமும் மிதித்து உடைக்க வேண்டாம்.

மேலும் விவரம் வேண்டுவோர் மாலையில் நம் பூங்கா பெஞ்சுக்கு வாருங்கள்.