வாக்கை வாக்கால் அழிக்கலாமா?

ஒரு விஷயத்தை ஜனங்கள் தாங்களே நேரில் வாக்களித்துத் தீர்த்து வைத்த பிற்பாடு, தேர்தலில் ஜயித்து வரும் கட்சியொன்று, 'எங்களுக்கும் அதே ஜனங்கள்தாமே வாக்களித்தார்கள்' என்று சொல்லி அந்தத் தீர்ப்பை ரத்து செய்யலாமா என்ற கேள்வி, 2019-ஆம் வருஷத்தில் பிரிட்டிஷ் வாக்காளர் முன்னால் வெளிப்படையாகவே வந்து நின்றது.

2016 ஜூன் 23-ஆம் தேதி நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 52 பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்றும், 48 பேர் நீடிப்போம் என்றும் சொன்னார்கள். மூன்று வருஷம் பார்லிமெண்டு விலகும் வழி தெரியாமல் தத்தளித்தது. அப்போதுதான் ஜோ ஸ்வின்சன் அம்மையார் தலைமையிலிருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியார், தாங்கள் தனிப் பெரும்பான்மை பெற்றால், ஜனங்களை மறுபடி கேளாமலே விலகல் அறிவிப்பை வாபஸ் வாங்கிவிடுவதாகப் பிரகடனம் செய்தார்கள்.

சட்டம் அவர்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை. வாக்கெடுப்பின் முடிவு தானாகவே சட்டமாகிவிடாது, பார்லிமெண்டுதான் சட்டமியற்ற வேண்டும் என்று பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டு 2017 ஜனவரியிலேயே சொல்லியிருந்தது. அறிவிப்பை வாபஸ் வாங்க மற்ற தேசங்களின் சம்மதம் வேண்டியதில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றமும் மறு வருஷம் டிசம்பரில் தீர்ப்பளித்தது. முன்னுதாரணத்துக்கும் குறைவில்லை. 1975-ல் நூற்றுக்கு 67 பேர் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் நீடிக்க வாக்களித்திருக்க, எட்டே வருஷத்தில் தொழிற்கட்சி, மறு வாக்கெடுப்பு என்ற பேச்சே எடுக்காமல், அதிலிருந்து வெளியேறுவதாக வாக்குறுதி தந்து 1983 தேர்தலில் நின்றது; நின்று, படுதோல்வி அடைந்தது.

ஆயினும் சட்டம் இடங்கொடுப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா? பிரிட்டிஷ் தேர்தல் முறையின் கணக்கைச் சற்றே பாருங்கள். 2005-ல் டோனி பிளேரின் தொழிற்கட்சி நூற்றுக்கு 35 வாக்கே பெற்று, 646 ஸ்தானங்களில் 355 ஸ்தானங்களைப் பிடித்தது. அவ்விதமே ஒரு கட்சி 2019-ல் ஜயித்திருந்தால், 35 பேருடைய வாக்கு 52 பேருடைய வாக்கை அழித்திருக்கும். அந்த 35 பேரிலும், ஆஸ்பத்திரிக்காகவும் வரிக்காகவும், தொகுதி வேட்பாளர் நல்ல மனிதர் என்பதற்காகவும் வாக்களித்தவர் எத்தனை பேர் என்பதை எந்த வாக்குப் பெட்டியும் சொல்லாது. பலவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்த ஒரு பதிலை, ஒன்றைப் பற்றியே கேட்டு வாங்கிய பதிலுக்கு மேலாக வைப்பது எனக்குச் சம்மதமில்லை. தீர்ப்பு மாறவே கூடாதென்று நான் சொல்லவில்லை. ஜனங்களைக் கேட்டுப் போட்ட முடிச்சை, ஜனங்களைக் கேட்டே அவிழ்க்கலாம் என்கிறேன்.

இங்கே ஸ்வீடன் தேசத்தார் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சாலையில் இடப்புறம் போவதை விட்டு வலப்புறத்துக்கு மாறலாமா என்று 1955-ல் அங்கே கேட்டபோது, நூற்றுக்கு 83 பேர் கூடாது என்றார்கள். அண்டை தேசங்களெல்லாம் வலப்புறம் செல்ல, சொந்தக் கார்களிலேயே பெரும்பாலானவை வலப்புறப் போக்குக்கேற்ற அமைப்பில் இருக்க, 1963-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு யாரையும் மறுபடி கேளாமல் மாற்றத்துக்கு ஒப்புதல் தந்தது. 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி விடியற்காலையில் தேசம் முழுவதும் வலப்புறம் ஒதுங்கியது. அது ஆலோசனை கேட்ட வாக்கெடுப்புதான் என்று சமாதானம் சொல்லலாம். பிரிட்டிஷ் வாக்கெடுப்பும் சட்டப்படி அத்தகையதே என்பதால், அந்தச் சமாதானம் எனக்கு உதவாது. ஜனங்களைக் கேட்பதற்கு முன்பே, முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்று சர்க்கார் வீடுதோறும் அச்சிட்டு அனுப்பியது பிரிட்டனில்தான். நான் பிடித்துக்கொள்வது அந்த வாக்கை.

லிபரல் டெமாக்ரட்டுகளிடம் ஒரு நேர்மை இருந்தது. செய்யப்போவதை ஒளிக்காமல் முன்கூட்டியே சொன்னார்கள். டிசம்பர் 12-ஆம் தேதித் தேர்தலில் அவர்களுக்குக் கிடைத்தவை 11 ஸ்தானங்கள். ஸ்வின்சன் அம்மையார் தமது தொகுதியையே 149 வாக்கில் இழந்தார். 2020 ஜனவரி 31-ஆம் தேதி இரவு பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகியது.