நான்கு தாடைச் சக்

கடைசல் இயந்திரத்திலே வேலைப்பொருளைப் பற்றிக்கொண்டு சுழலும் உறுப்பைச் 'சக்' என்று பட்டறைகளில் வழங்குவர். கையால் இயக்கும் இயந்திரத்திலும், கணினிக் கட்டளைப்படி தானே இயங்கும் சி.என்.சி. இயந்திரத்திலும் அதன் பணி ஒன்றே. ஆயினும் ஒன்றற்குப் பொருந்தியது மற்றதற்கும் பொருந்தும் என எண்ணுதல் தவறு. புதிதாக வாங்கிய சிறு சி.என்.சி. இயந்திரத்திலே பழைய வார்ப்பிரும்புச் சக் ஒன்றைத் தீர விசாரியாது பூட்டுபவர், தம் உயிரோடு விளையாடுபவரே ஆவார்.

நேயர்களே, நான்கு தாடைச் சக்குகள் இருவகைப்படும். ஒருவகையில் தாடைகள் நான்கும் ஒருங்கே நகர்ந்து பொருளைத் தாமே நடுவில் நிறுத்தும். மற்றவகையில் ஒவ்வொரு தாடைக்கும் தனித் திருகு உண்டு. சதுரக் கட்டை, ஒழுங்கற்ற வார்ப்பு, மையம் விலகிய துளை ஆகியவற்றுக்கு இதுவே உகந்தது. டயல் மானியை வைத்து, எதிரெதிர்த் தாடைகளுள் ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கி மையம் காண வேண்டும். இதற்கு நேரம் செல்லும். ஆதலின் ஒரே மாதிரியான நூறு உருளைகளைக் கடைவோருக்கு இது ஏற்றதன்று.

அடுத்து நோக்கற்பாலது வேகம். சுழலும் தாடைகள் வெளிநோக்கி விலக முயலும். வேகம் இருமடங்கானால் அவ்விசை நான்கு மடங்காகும். பிடியும் அதற்கேற்பத் தளரும். எனவே வார்ப்பிரும்பினும் உருக்காலான உடலே விரைவுக்கு ஏற்றது. சக்கிலே பொறிக்கப்பட்ட உச்ச வேகத்தைப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 100 மீற்றர் என மாறாதிருக்குமாறு ஜீ 96 கட்டளை இடப்பட்டதாகக் கொள்வோம். 100 மில்லிமீற்றர் விட்டத்திலே சுழற்சி நிமிடத்துக்கு ஏறத்தாழ 318. உளி 10 மில்லிமீற்றர் விட்டத்தை அணுகும்போது அது ஏறத்தாழ 3180 ஆகிவிடும்! 2000 சுழற்சிக்கு உரிய சக் இதனைத் தாங்குமா? பல இயந்திரங்களில் ஜீ 50 கட்டளையால் இவ்வேகத்துக்கு எல்லை வகுக்கலாம். சமநிலையற்ற பொருளாயின் எல்லை இன்னும் தாழ்ந்திருத்தல் வேண்டும்.

பூட்டும் முறையும் முக்கியமானது. புரியினால் மட்டும் ஏற்றப்பட்ட சக், சுழல்தண்டு எதிர்த்திசையில் திரும்பும்போதோ சடுதியாக நிற்கும்போதோ கழன்று பாயக்கூடும். ஆணிகளால் இறுக்கும் குறுங்கூம்பு முறையோ, காம்லொக் முறையோ பாதுகாப்பானது.

விரலுக்கேற்ற வீக்கம் வேண்டும் என்பர் நம் முன்னோர். பெரிய சக்கின் பாரம் தாங்கிகளைத் தேய்க்கும். வெளியே நீண்ட தாடை உளிப்பீடத்தில் மோதும். இயந்திரம் செய்தோர் விதித்த விட்டத்தையும் எடையையும் மீறாதிருத்தலே அறிவுடைமை. இறுதியாக, இறுக்கிய சாவியைச் சக்கிலிருந்து எடுத்த பின்னரே இயந்திரத்தை முடுக்குதல் வேண்டும். அச்சிறு பழக்கம் ஒரு தொழிலாளியின் கண்ணையும் கையையும் காக்கும்.